கர்ப்பகால நோன்பு: பிறப்பு எடை சரியாக இருந்தால் போதுமா?

செவ்வந்தி:
ஒரு பகல் சாப்பிடாமல் இருந்தாலே கருவின் வளர்ச்சி நின்றுவிடும் என்று கர்ப்பிணிகளைப் பயமுறுத்தாதீர்கள். ரமலான் நோன்பு பற்றிய 22 ஆய்வுகள், 31,374 கர்ப்பங்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பாய்வில் பிறப்பு எடை குறையவில்லை, குறைப்பிரசவமும் கூடவில்லை.

நெய்தல்:
அதே ஆய்வில் நோன்பிருந்தவர்களின் நஞ்சுக்கொடி எடை குறைந்திருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கருவுக்கு உணவு போவதே அதன் வழியாகத்தான். தாயின் ரத்தத்தில் குளுக்கோஸ் கூடுதலாகவும் கருவின் ரத்தத்தில் குறைவாகவும் இருப்பதால்தான் குளுக்கோஸ் கருவின் பக்கம் போகிறது. தாய்க்கு இறங்கினால் கருவுக்கு வரத்தும் இறங்கும். பிற்பாதிக் கர்ப்பத்தில், இரவு சாப்பிட்டுவிட்டுக் காலை உணவைத் தள்ளிப்போட்டு 18 மணி நேரம் ஆனாலே, கர்ப்பமில்லாத பெண்ணைவிடச் சர்க்கரை கீழே, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் மேலே.

செவ்வந்தி:
இறங்கும்தான், சாப்பிட்டதும் ஏறிவிடும். எடையைத் தின்பது வாரக்கணக்கான பற்றாக்குறை. நெதர்லாந்தின் 1944-45 பஞ்சத்தில் ஒரு நாள் ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே போனது. கடைசி மூன்று மாதம் அதில் சிக்கிய தாய்மார்களுக்குத்தான் எடை குறைந்த குழந்தைகள் பிறந்தன.

நெய்தல்:
முதல் மூன்று மாதம் சிக்கியவர்களின் குழந்தைகள்? சாதாரண எடையில் பிறந்து, நடுவயதில் இதயநோய்க்கு அதிகம் ஆளானார்கள். பஞ்சமும் நோன்பும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடை சரி, அதனால் எல்லாம் சரி என்ற உங்கள் வாதம் இங்கேயே உடைகிறது.

மருதம்:
எத்தனையாவது வாரம் என்று சொல்லாமலே இருவரும் வாதாடுகிறீர்கள். 28 வாரத்தில் கரு ஏறக்குறைய 1 கிலோ, 40-இல் 3 கிலோவுக்கு மேல். வாரத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறும் இந்தக் காலத்தில் தாய்க்கு நாளுக்கு 450 கலோரி கூடுதலாக வேண்டும். கருப்பை இரைப்பையை நெருக்கும்போது இதை இரண்டு வேளையில் அடைத்தால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். இன்சுலின் போடுபவர், இரட்டைக் கரு, கருவின் வளர்ச்சி ஏற்கெனவே பின்தங்கியவர் நோன்பே வேண்டாம். மற்றவர்களும் சிறுநீர் கருமஞ்சளானால், தலை சுற்றினால் உடனே முடித்துக்கொள்ளட்டும். வயிறு இறுகி இறுகி வலித்தாலோ கருவின் அசைவு குறைந்தாலோ நோன்பை முடித்து, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு, வயிற்றின் மேல் டேப் வைத்து அளக்கும் கருப்பை உயரம் செ.மீ. கணக்கில் வாரத்தை ஒட்டியே வரும். 32 வாரத்தில் டேப் 28 காட்டினால் ஸ்கேனும் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் பார்க்காமல் விடக்கூடாது.

செவ்வந்தி:
கடைசி மூன்று மாதம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். முதல் மூன்று மாதத்தில் நான் அஞ்சுவது நோன்பைவிட ஃபோலிக் அமிலம் விடுபடுவதைத்தான். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும்; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். நாள் தள்ளிப்போனதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும். 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

நெய்தல்:
அதில் சண்டையில்லை. நஞ்சுக்கொடிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.