தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஓதம்: உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க

மாடக்குளம்_மாப்ள

பீரோ வந்துச்சு, கால் வரல. அதைச் சொல்லத்தான் இந்தத் திரி.

மதுரையில மாடக்குளம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் அப்பா கட்டின வீடு, பேஸ்மட்டம் ரெண்டடிதான். கண்மாய் பெருகுச்சுன்னா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. போன கார்த்திகையில வெள்ளையடிக்கணும்னு நானும் தம்பியும் பீரோவைத் தூக்குனோம். மேல் பாகம் கையோட வந்துருச்சு, நாலு காலும் துருவா தரையிலயே நிக்குது. அடித்தட்டுல மஞ்சப்பைக்குள்ள வீட்டு மூலப்பத்திரம். அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிப்போய் இருந்துச்சு. மெதுவாப் பிரிச்சேன். அப்பா கையெழுத்து எதிர்ப்பக்கத்துல அச்சு விழுந்திருக்கு, கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி. அவர் போய் ஆறு வருசமாச்சு. அம்மா அதை வாங்கி வெயில்ல காயவச்சாங்க, ஒண்ணும் பேசல.

ஒருத்தர் சுவருக்கு ஊசி போடணுங்கிறார். ஒருத்தர் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிருங்கங்கிறார். அமெரிக்காவுல வீட்டுக்கு அடியிலயே பிளாஸ்டிக் விரிச்சு மூடிடுறாங்கன்னு யூடியூப்ல பாத்தேன். யாராச்சும் அப்படிச் செஞ்சிருக்கீங்களா? அறிவுரை வேணாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னாப் போதும்.

கரோலினா_கருப்பட்டி

நான் செஞ்சேன். சொந்த ஊர் திருமங்கலம், இப்ப இருக்கிறது வட கரோலினாவுல ராலே பக்கம்.

இங்க வீடு தரையில உக்காராது. சுத்தியும் குட்டைச் சுவர், நடுவுல தூண், அது மேல மரச்சட்டம் அடுக்கி பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவுல தவழ்ந்து போற அளவுக்கு ஒரு இருட்டு இடம். எங்க வீட்டுல ரெண்டடி உயரம். ஏசிக் குழாய், தண்ணிக் குழாய் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. காத்துப் போக குட்டைச் சுவர்ல ஜன்னல் மாதிரி ஓட்டை விட்டிருப்பாங்க. பழைய விதிப்படி 150 சதுர அடி தரைக்கு ஒரு சதுர அடி ஓட்டை.

முதல் கோடையிலேயே ஹால் பலகை ஓரம் தூக்கிக்கிச்சு. ஊர்ல மாமாகிட்ட போன்ல சொன்னேன். "காத்தாடவிடு மாப்ள, எல்லாம் காஞ்சுரும்"னார். அடைச்சுக் கிடந்த ரெண்டு ஓட்டையையும் திறந்துவிட்டேன். ஜூலையில உள்ள தவழ்ந்தேன், வாயில டார்ச். மேல சட்டங்களுக்கு நடுவுல குளிர் ஏறாம இருக்கச் சொருகியிருந்த பஞ்சு தண்ணி குடிச்சுத் தொங்குது. முதுகு பட்டதும் ஒரு பாளம் பிய்ஞ்சு பிடறியில விழுந்துச்சு. செத்த பூனைன்னு நினைச்சு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் வெளிய வந்துட்டார்.

அப்பறம்தான் புரிஞ்சுச்சு. இந்த ஊர்க் கோடைக் காத்து, 22 டிகிரிக்குக் கீழ குளுந்த எதைத் தொட்டாலும் வேர்க்கிற அளவுக்கு ஈரம். ஏசிக் குழாய் அதைவிடக் குளுமை. ஐஸ் தண்ணிச் செம்புக்கு வெளியில பூக்குமே, அதேதான். காயட்டும்னு நான் உள்ள விட்ட காத்துதான் தண்ணியைக் கொண்டாந்து ஊத்தியிருக்கு.

ஆள் விட்டு மூடுனேன். மண்ணு மேல 300 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், சேருற இடமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி டேப், குட்டைச் சுவர்லயும் ஏத்தி ஒட்டுனாங்க. உச்சியில மட்டும் மூணு அங்குலம் ஒட்டாம விட்டாங்க, கரையான் ஏறுதான்னு பாக்குறதுக்கு. ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. உள்ள ஈரம் உறிஞ்சுற மெஷின் ஒண்ணு ஓடுது. ரெண்டு மாசத்துல பலகை ஓரளவு படிஞ்சுருச்சு.

செல்லூர்_தறி

மேல எழுதின அண்ணனுக்கு: உங்க வீடு மரம், எங்க வீடு செங்கல்லும் சுண்ணாம்பும். மூடினா ஈரம் போயிராது, இடம் மாறும். நான் கண்ணால பாத்தேன்.

எங்க தாத்தா குழித்தறி. ஹால் நடுவுல குழி, அவர் விளிம்புல உக்காந்து காலை உள்ள விட்டு மிதி போடுவார். குழி எப்பவும் சில்லுன்னு இருக்கும், அதை யாரும் குறையா நினைச்சதில்ல. பருத்தி நூலுக்கு ஈரம் வேணும், காஞ்சா பாவு படக்கு படக்குன்னு அறும். சித்திரையில குழிக்குள்ள அவரே தண்ணி தெளிப்பார். இன்னைக்கு நீங்கள்லாம் காசு குடுத்து விரட்டுற ஓதத்தை அந்த மனுசன் செம்புல மோந்து ஊத்துனார்.

தாத்தா போனதும் தறியைக் கழட்டி, இடிச்ச சுவத்துக் கப்பியைக் குழியில கொட்டி மேல காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிட்டோம். ரெண்டு மழைக்காலம். பக்கத்துச் சுவர்ல இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து, பக்கு பக்கா உதிர ஆரம்பிச்சுச்சு. குழி வழியா மூச்சு விட்டுக்கிட்டிருந்த ஈரம் வழி இல்லாமச் சுவருக்குப் போயிருச்சு.

2024 அக்டோபர் மழை தெரியும்ல. செல்லூர் மிதந்துச்சு. தண்ணி வடிஞ்சு, கழுவிவிட்டு, ஃபேன் போட்டு நாலு நாள் காயவிட்டோம். ஹால் முழுக்க வெளுத்துருச்சு, நடுவுல ஒரு நீளச் சதுரத்துல மட்டும் டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பா ஈரம். அளந்து பாக்க வேண்டியதில்ல, தாத்தாவோட குழி அது. என் பொண்ணு "என்னப்பா இது"ன்னு கேட்டுச்சு. இங்கதான் உங்க பாட்டன் காலை வச்சிருப்பார்னு சொன்னேன்.

சிவில்_ஆனையூர்

தம்பி அறிவுரை வேணாம்னு எழுதியிருக்கார். இருந்தாலும் தொழில் இதுங்கிறதால நாலு விஷயம்.

முதல்ல என் கதை. படிச்சு முடிச்சு நான் பார்த்த முதல் சைட். வீட்டுக்காரருக்கு ஆவணிக்குள்ள குடிபோகணும். பேஸ்மட்டத்து மேல டி.பி.சி., அதாவது ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு, போடாமலே சுவர் எழுப்பச் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்தத் தெரு வழியா இப்பவும் நான் போறதில்ல. கதை அவ்வளவுதான்.

இனி விஷயம். டி.பி.சி. என்பது சுவரின் முழு அகலத்துக்கும் ஒன்றரை, ரெண்டு அங்குலக் கனத்தில் நீர்க்காப்பு மருந்து கலந்து போடுற காங்கிரீட். செங்கல் ஒரு திரி மாதிரி. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நிலத்து நீரை மேலே இழுக்கும். சாதாரணமா மூணு அடி வரை ஏறும். அதை வெட்டத்தான் இந்த அடுக்கு. தரைக்கும் அப்படியே: காங்கிரீட் கொட்டும் முன் மண்ணுக்கு மேல் 250 மைக்ரான் தாள் விரிச்சா, அதுதான் கரோலினா நண்பர் செஞ்ச வேலை. அவர் வீடு கட்டின பிறகு செஞ்சார், நாம கட்டும்போதே செய்யலாம். செய்றதில்ல, ஏன்னா கண்ணுக்குத் தெரியாத செலவு.

டைல்ஸ் ஒட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீங்க. நாலடிக்கு ஒட்டினா ஓதம் அஞ்சாவது அடியில் எட்டிப் பார்க்கும். வாட்டர்ப்ரூப் பெயின்டும் அப்படித்தான், கொப்புளம் போட்டு உரியும். ஊசி, அதாவது அடி வரிசையில் வரிசையாத் துளை போட்டு மருந்து ஏத்துறது, கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு மட்டும் கேட்கும். பக்கத்து மண் சுவரோடு ஒட்டிக் கிடந்தா கேட்காது. ஏத்தின பிறகும் பழைய பூச்சை ஈரக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை செங்கல் தெரியக் கொத்தி எடுக்கணும். உப்பு ஊறின பூச்சு மழைக்காலத்தில் காத்திலிருந்தே ஈரத்தை இழுக்கும், "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டான்"னு நம்மைத் திட்டுவீங்க. திரும்பப் பூசும்போது சுண்ணாம்பு நல்லது, சுவர் மூச்சு விடும். செல்லூர் தம்பி சொன்ன குழி விஷயம் சரிதான். ஆனா தப்பு மூடினதில் இல்லை, கப்பியைக் கொட்டி மூடினதில். கப்பி இடுக்கெல்லாம் தண்ணி தேங்கும். மண் போட்டு இடிச்சு, தாள் விரிச்சு மூடியிருக்கணும்.

அப்புறம் ரோடு. வீட்டைக் கட்டும்போது மூணு படி ஏறிப் போவோம், பதினைஞ்சு வருசத்தில் ரெண்டு படி இறங்கிப் போவோம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்க தெருவில் எப்படிப் போட்டாங்கன்னு வாசல்ல நின்னு பாருங்க. மதுரையில் நமக்கு வாய்ச்ச இடமும் அப்படி. உலகனேரியில் 2004-ல் திறந்த ஐகோர்ட் கிளையே கண்மாய் நிலத்தில்தான் நிக்குது. தல்லாகுளம், மாடக்குளம்னு பேர்லயே எழுதி வச்சிருக்கு, நாமதான் படிக்கல.

எதுக்கும் முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய்ங்க. ஒரு முழம் பாலிதீன் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்க. அடிப்பக்கம் முத்து முத்தா நின்னா நிலத்து ஈரம். மேல் பக்கம் வேர்த்தா காத்து ஈரம். இது தெரியாம ஒரு ரூபாயும் செலவு பண்ணாதீங்க.

கரோலினா_கருப்பட்டி

சிவில் சார் சொன்னது சரி. செல்லூர் தம்பிக்கு மட்டும் ஒண்ணு. "இடம் மாறும்"னு பொத்தாம்பொதுவா அடிச்சு விடாதீங்க. இங்க பிரின்ஸ்வில்னு ஒரு ஊர், 1999 ஃப்ளாய்டு புயல்ல முழுகுன ஊர். அங்க அட்வான்ஸ்டு எனர்ஜிங்கிற அமைப்பு 12 வீட்டை எடுத்து, சிலதை ஓட்டை விட்டும் சிலதை மூடியும் வச்சு அளந்தாங்க. மூடின வீட்டு அடிப்பக்கம் காஞ்சு இருந்துச்சு, ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஆகுற கரண்டும் 15 சதவீதம் போலக் குறைஞ்சுச்சு. அளந்து சொன்னது தம்பி.

செல்லூர்_தறி

அளந்துக்கங்கண்ணே. உங்க சுவர் உப்பு பூக்குதா? பூக்காது. உங்க சட்டத்துக்குக் கீழ மெஷின் ஓடுது, எங்க குழிக்குக் கீழ செல்லூர் கண்மாய் இருக்கு. நீங்க ஓட்டையைத் திறந்ததும் தப்பு, நாங்க குழியை மூடுனதும் தப்பு. ரெண்டும் ஒரே ஓதமா?

விளாங்குடி_வீட்டம்மா

சண்டை போட்டுக்கங்க தம்பிகளா, நான் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறேன். எங்களுக்கும் சமையக்கட்டுச் சுவர் ஓதம். ரெண்டு தடவை ஆள் வந்து மருந்து அடிச்சு நாப்பதாயிரம் போச்சு. மூணாவதா குழாய் மாட்ட வந்த பையன், இருபது வயசு இருக்கும், "அக்கா ஒரு சாக்பீஸ் குடுங்க"ன்னான். ராத்திரி மோட்டாரை நிறுத்தி, தரைத்தொட்டி மூடியைத் தூக்கி, உள்ள குனிஞ்சு தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டுட்டுப் போனான். யாரும் தண்ணி எடுக்கல. காலையில போய்ப் பாத்தா கோடு தனியா நிக்குது, தண்ணி நாலு விரக்கடை கீழ. சமையக்கட்டுச் சுவருக்கு மறுபக்கம்தான் தொட்டி. வெடிப்பு. அவனுக்கு முன்னூறு ரூபா குடுத்தேன், இருநூறு போதும்னு நூறைத் திருப்பிக் குடுத்தான். மருந்து அடிச்சவங்க நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு, கூப்பிட்டாத்தான் எடுக்கமாட்டேங்கிறாங்க.

சோழவந்தான்_வாய்க்கால்

எங்களுக்கு மழை கணக்கில்ல, வாய்க்கால் கணக்கு. பேரணையிலருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்குப் பெரியாறு வாய்க்கால்ல தண்ணி விட்டாங்கன்னா பத்துப் பன்னெண்டு நாள்ல பின்கட்டுச் சுவர் கறுக்கும். நிறுத்துனா மாசி பங்குனியில வெளுக்கும். பேப்பர்ல தண்ணி திறந்த செய்தி வர்றதுக்கு முன்னாடி எங்கப்பத்தா சுவத்தைத் தடவிப் பாத்துட்டு "வந்துருச்சுடா"ங்கும். நெல்லுக் குலுக்கை நாலு கல்லு மேல நின்னுச்சு, ஒரு நாளும் அடி நெல்லு முளைவிட்டதில்ல. மாப்ள, பீரோவை முதல்ல செங்கல் மேல தூக்கி வைங்க.

மாடக்குளம்_மாப்ள

எல்லாருக்கும் நன்றி. அறிவுரை வேணாம்னு சொன்னதையும் மீறிச் சொன்ன சிவில் அண்ணனுக்கு ரெண்டு நன்றி. எங்க வீட்டுல தரைத்தொட்டி கிடையாது, மேல்தொட்டி மட்டும்தான், அது இல்லைன்னு ஆச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பீரோ நின்ன இடத்துல பாலிதீன் தாளை டேப் போட்டு ஒட்டிட்டு மாட்டுத்தாவணியில பஸ் ஏறிட்டேன். எனக்கு வேலை திருச்சியில. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"தரையில ஒரு தாள் ஒட்டியிருந்தேன்ல, பாத்தீங்களாம்மா?"

"அதை ஏண்டா ஒட்டுன? கூட்டும்போது மாட்டுச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அடியில ஈரமா இருந்துச்சா, மேலயா?"

"வழுக்கி விழுந்திருப்பேன், அவ்வளவுதான் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒட்டணும். இந்தத் தடவை மேல நாற்காலியைப் போட்டுட்டு வர்றேன்.