பட்டர்னோ சிலை திரும்ப வரவேண்டுமா? பென் ஸ்டேட் விவகாரம் பற்றி ஒரு விவாதம்

வாசுகி:
பென்சில்வேனியாவில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மறைந்த பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின், 2012இல் அகற்றிய சிலையை மறுபடியும் ஸ்டேடியம் வாசலில் வைக்க வேண்டும் என்று பழைய மாணவர்களில் ஒரு பகுதியினர் இன்னமும் கேட்கிறார்கள். இன்னொரு இழையில் நிட்டனி அதை ஆதரித்து எழுதியிருந்தார். அங்கே பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பட்டர்னோ அங்கே 1966 முதல் 2011 வரை அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவரிடம் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1977இல் ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கி, அதில் சேர்ந்த சிறுவர்களையே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 30 முதல் 60 ஆண்டு வரை சிறை.

நான் பேச விரும்புவது சாண்டஸ்கியைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி. 2011 நவம்பர் 9 இரவு, சாண்டஸ்கி விஷயத்தில் போதியது செய்யவில்லை என்று அறங்காவலர் குழு பட்டர்னோவைப் பதவி நீக்கியதும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்கள். போலீஸ் மிளகுத்தூள் தெளிப்பான் பயன்படுத்த வேண்டியிருந்தது. சாண்டஸ்கி கைதாகி அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது. சிறுவர்களுக்கு நடந்ததை விவரிக்கும் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் ஜூரி) அறிக்கை எல்லோர் கையிலும் இருந்தது. அதைப் படித்தபிறகும் அந்தக் கூட்டம் யாருக்காகக் குரல் கொடுத்தது?

நிட்டனி:
நான் அங்கே எம்.எஸ். படித்தவன். அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு நாள் கழித்து நடந்ததை ஏன் விட்டுவிடுகிறார்கள்? நவம்பர் 11 அன்று பாதிக்கப்பட்டவர்களுக்காக ஓல்ட் மெயின் கட்டடத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். மறுநாள் நெப்ராஸ்கா ஆட்டத்தில் இரண்டு அணி வீரர்களும் மைதான நடுவில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ‘ரெய்ன்’ அமைப்புக்குப் பழைய மாணவர்கள் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். வேனைக் கவிழ்த்தவர்கள் மட்டும்தான் பென் ஸ்டேட்டா?

பட்டர்னோ விஷயத்துக்கு வருகிறேன். 2001 பிப்ரவரியில் அணிக் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்ததாக, அணியின் பயிற்சிக் குழுவில் இருந்த மைக் மெக்குவெரி அவரிடம் வந்து சொன்னார். பட்டர்னோ அதைத் தன் மேலதிகாரியான விளையாட்டு இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். பல்கலைக்கழகப் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸுக்கும் செய்தி போனது. அன்றைய சட்டம் கேட்டதைச் செய்தார். அரசுத் தரப்பே அவர்மீது எந்த வழக்கும் போடவில்லை. சிலையை எடுத்தவர்கள் எந்தத் தீர்ப்பை வைத்து எடுத்தார்கள்?

கயல்:
நான் பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியை. “சட்டம் கேட்டதைச் செய்தார்” என்பது சரி, ஆனால் அந்தச் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது இந்த வழக்கால்தான். முன்பு ஊழியர் தன் மேலாளரிடம் சொன்னால் போதும், அதற்குமேல் அவர் பொறுப்பு. 2014இல் மாற்றிய பிறகு நான் நேரடியாக மாநில உதவி எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும், அப்புறம்தான் தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். காரணம் எளிது. மேலாளர் வரை போய் நின்றுவிட்ட தகவல் ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை.

நிட்டனி சார், நீங்கள் சொன்ன மெழுகுவத்திக் கூட்டம் உண்மை. அதில் நின்றவர்களை மதிக்கிறேன். ஆனால் பட்டர்னோ 2001க்குப் பிறகு 10 ஆண்டு அதே ஊரில் இருந்தார். சாண்டஸ்கிக்கு 1999இல் ஓய்வு பெற்றபோது கொடுத்த அலுவலகமும் சாவியும் அப்படியே இருந்தன. அந்தச் சிறுவன் யார், என்ன ஆனான் என்று ஒருவரும் தேடவில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக மனிதன் கேட்கக்கூடாதா?

ராம்_பிட்ஸ்பர்க்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். 1998இலேயே ஒரு தாய் போலீஸில் புகார் கொடுத்தார். 11 வயது மகன் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, சாண்டஸ்கியோடு குளித்ததாகச் சொன்னான். பல்கலைக்கழகப் போலீஸ் விசாரித்தது, குழந்தைகள் நலத்துறையும் வந்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆக, ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் செய்யத் தவறியதை அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் முன்பே தவறியிருந்தார்கள். செகண்ட் மைல் நிர்வாகத்துக்கும் 2001இல் கர்லி தகவல் சொன்னார். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. பட்டர்னோவின் முகம் பிரபலம் என்பதால் எல்லாப் பழியும் அவர்மேல் விழுந்தது. மற்றவர்கள் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

வாசுகி:
ராம், 1998 பற்றிச் சொன்னது சரி, அதனால்தான் 2001 இன்னும் மோசம். முதல் தடவை “தெரியாது” என்று சொல்லலாம். இரண்டாம் தடவை முடியாது. கர்லி, ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் மூவரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியாகியிருக்கின்றன. முதலில் மாநிலக் குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பது என்றுதான் திட்டம். பிறகு கர்லி எழுதுகிறார்: யோசித்துப் பார்த்தேன், நேற்று ஜோவோடும் பேசினேன், அந்தத் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை, முதலில் சாண்டஸ்கியிடமே பேசிவிடலாம். ஸ்பேனியர் அதை மனிதாபிமானமான வழி என்கிறார். சாண்டஸ்கி கேட்காமல் போனால், புகார் செய்யாததற்காக நாம் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ஆபத்து.

இன்னொரு சிறுவனுக்கு நேரலாம் என்பது அந்த மடல்களில் ஆபத்தாகவே வரவில்லை. நிட்டனி, இதை நிதானமாக ஒருமுறை படியுங்கள்.

நிட்டனி:
படித்திருக்கிறேன், பலமுறை. “ஜோவோடு பேசினேன்” என்ற ஒரு வரியில் ஜோ என்ன சொன்னார் என்பது இல்லை. மறைக்கச் சொன்னாரா, போலீஸுக்குப் போகச் சொன்னாரா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயிஸ் ஃப்ரீ 2012 ஜூலையில் 267 பக்க அறிக்கை கொடுத்தார். பட்டர்னோவையும் மெக்குவெரியையும் கர்லியையும் ஷுல்ட்ஸையும் அவர் குழு நேரில் விசாரிக்கவில்லை. பட்டர்னோ அந்த ஜனவரியிலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எழுதிய முடிவு அது. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் அறிக்கையை ஆராய்ந்த முன்னாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க், அதன் முடிவுகளுக்கு ஆதாரம் போதாது என்று எழுதினார்.

அறிக்கை வந்து 10 நாளில் சிலை போனது. மறுநாள் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 6 கோடி டாலர் அபராதம் போட்டது. 4 ஆண்டு பருவ இறுதி ஆட்டங்களுக்குத் தடை, உதவித்தொகை இடங்கள் குறைப்பு, 1998 முதல் பெற்ற வெற்றிகள் ரத்து. அமைப்பு தானாக ஒரு விசாரணையும் நடத்தவில்லை. 2012இல் ஆடிய பையன்கள் 2001இல் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வேறு கல்லூரிக்குப் போக அனுமதி கிடைத்தும் பலர் போகாமல் நின்று 8 ஆட்டம் ஜெயித்தார்கள். அந்தத் தண்டனையை 2015இல் என்.சி.ஏ.ஏ.வே திரும்பப் பெற்றது, 409 வெற்றிகளும் பட்டர்னோ கணக்குக்கு வந்தன. நியாயமான தண்டனை என்றால் ஏன் பின்வாங்கினார்கள்?

ராம்_பிட்ஸ்பர்க்:
இதில் நிட்டனி பக்கம் நிற்கிறேன். தண்டனையை எதிர்த்து நடந்த வழக்கில் என்.சி.ஏ.ஏ. அதிகாரிகளின் மடல்கள் வெளிவந்தன. தங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று அவர்களுக்கே சந்தேகம் இருந்தது. அது நாடு முழுவதும் எழுந்த கோபத்தை ஆற்றுவதற்காகப் போட்ட தண்டனை. கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆட்ட முடிவுகளை ஏட்டிலிருந்து அழிப்பதால் எந்தச் சிறுவனுக்கு என்ன கிடைத்தது? ஒரே நல்லது, அந்த 6 கோடியும் குழந்தைகள் பாதுகாப்புக்குப் போனது.

கயல்:
வெற்றிகளை அழித்தது எனக்கும் உடன்பாடில்லை. அந்த எண்ணைச் சுற்றியே எல்லோரும் மூன்று வருடம் சண்டை போட்டதுதான் மிச்சம். 409 என்று அச்சிட்ட சட்டைகள், ஸ்டிக்கர்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெருவில் கேட்டிருந்தால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? வழக்கில் 10 பேர். பின்னால் பல்கலைக்கழகம் 30க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது, மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல்.

2017இல் அறங்காவலர் ஒருவர் “பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள்” என்று அவர்களைக் குறிப்பிட்டு, தன் அனுதாபம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பத்திரிகைக்கு எழுதினார். பழைய மாணவர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அறங்காவலர் அவர். தெருவில் கத்திய 19 வயதுப் பையனை மன்னித்துவிடலாம். இவரை எப்படி மன்னிப்பது?

நிட்டனி:
அவரை நானும் மன்னிக்கவில்லை. அவர் பேச்சு அருவருப்பானது. அவரை என் கணக்கில் எழுதாதீர்கள்.

வாசுகி:
உங்கள் கணக்கில் எழுதவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அதாவது மெக்குவெரிக்குச் சில மாதம் முன்பு, அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஒருவர் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு குளியலறையில் பார்த்தார். கொரியப் போரில் இருந்தவர், அங்கே பார்த்த எதையும்விட இது மோசம் என்று நடுங்கியபடி சக ஊழியர்களிடம் சொன்னார். புகார் செய்தால் வேலை போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். யாரும் சொல்லவில்லை. கால்பந்தை எதிர்ப்பது இந்த ஊரில் முடியாத காரியம் என்று அவர்களில் ஒருவர் ஃப்ரீ குழுவிடம் சொன்னார்.

துடைப்பம் பிடித்தவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது பட்டர்னோ ஒருவர் அல்ல. ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், அதற்கு வெளியே உயிரோடு இருக்கிறவருக்கே வைத்த சிலை, “ஜோபா” என்று அவர் செல்லப்பெயரைச் சொல்லும்போதே தழுதழுக்கும் ஊர், இதெல்லாம் சேர்ந்து கொடுத்தது. நவம்பர் 9 இரவு அந்தத் துப்புரவுத் தொழிலாளி பயந்தது வீண்பயம் அல்ல என்று ஊரே நிரூபித்தது. 2008இல் தைரியமாக முதலில் வாய்திறந்த கிளின்டன் கவுண்டிச் சிறுவன், செய்தி வெளியானதும் தன் பள்ளியிலேயே நிற்க முடியாமல் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. பட்டர்னோ வேலை போனதற்கு அவன்தான் காரணம் என்று சக மாணவர்கள் திட்டினார்கள். அவன் சாண்டஸ்கியிடம் மாட்டிக்கொண்டது 2001க்குப் பிறகு. கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பேனியர், பட்டர்னோ, இந்த நாலு பேரில் ஒருவர் ஒரு போன் செய்திருந்தால் தப்பியிருப்பான்.

நிட்டனி:
அந்தப் பையனுக்கு நடந்தது கொடுமை, அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

ஆனாலும் ஒரு மனிதரின் 46 பருவங்களை ஒரு பிப்ரவரி மாதத்தால் மட்டும் அளக்க முடியாது என்றே நினைக்கிறேன். தன் வீரர்களைப் படித்துப் பட்டம் வாங்க வைத்தவர். நூலகத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர், அது இன்னும் அவர்கள் குடும்பப் பெயரில்தான் இருக்கிறது. ராத்திரி அங்கே உட்கார்ந்து ஆய்வேடு எழுதிய வெளிநாட்டு மாணவர்களில் நானும் ஒருவன். “இன்னும் அதிகமாகச் செய்திருக்கலாம்” என்று அவரே கடைசியில் வருத்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் கர்லியும் ஷுல்ட்ஸும், ஜூரி தண்டித்தது ஸ்பேனியரை. அவர் 2021இல் சிறைக்கும் போனார். நீதிமன்றத்தில் நிற்கவே வாய்ப்பில்லாதவருக்கு மட்டும் எல்லாவற்றிலும் பெரிய தண்டனையா?

கயல்:
தண்டனை வேறு, கௌரவம் வேறு சார். தண்டனைக்குத்தான் நீதிமன்றம் வேண்டும். சிலை வைக்க வேண்டாம் என்று சொல்ல எந்த ஜூரியும் தேவையில்லை. நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டைப் பாருங்கள். 2012 ஜனவரி அஞ்சலிக் கூட்டத்தில் பட்டர்னோவுக்காக வாதாடி, எல்லோரையும் எழுந்து நின்று கைதட்ட வைத்தவர். ஃப்ரீ அறிக்கை வந்ததும் அவர் நிறுவனமே தன் அலுவலக வளாகக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து பட்டர்னோ பெயரை எடுத்தது. நண்பரின் நிறுவனம்தான், ஆனாலும் குழந்தைகள் காப்பகத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று அங்கேயும் தெரிந்தது.

ராம்_பிட்ஸ்பர்க்:
நூலகத்தின் பெயர் இருக்கட்டும், அது அவர் கொடுத்த பணத்துக்கான நன்றி. சிலை வேண்டாம். அது ஆட்டத்துக்கு வைத்தது, அந்த ஆட்டத்தின் பெயரால்தான் எல்லோரும் வாய்மூடினார்கள். நிட்டனி, நீங்கள் இதற்கு ஒத்துக்கொள்வீர்களா?

நிட்டனி:
இல்லை. சிலையும் வரட்டும், 2001இல் என்ன நடந்தது, யார் யார் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பெயரோடு பக்கத்திலேயே கல்லில் எழுதி வைக்கட்டும். ஜோ பெயரும் அதில் இருக்கட்டும். ஒளித்து வைப்பதைவிட அது நேர்மை.

வாசுகி:
அந்தக் கல்லை இன்றைக்கே வைக்கலாம், அதற்குச் சிலை தேவையில்லை. அறங்காவலர் தேர்தலில் உங்களுக்கு வாக்கு இருக்கிறது. சிலையைக் கேட்கும் வேட்பாளர்களிடம் முதலில் இந்தக் கல்லைக் கேளுங்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.