மார்க்கெட்டிங் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி:
மூன்றாண்டுக் கட்டணம் முழுவதையும் 10% வட்டிக் கடனில்தான் கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை எப்படிக் கணிப்பது?

பதில் 1:
முதல் நாளே வாங்கிய 100, மூன்றாண்டுத் தனிவட்டியும் அசலில் சேர்ந்தால் 130 ஆகும். அதைப் 10 ஆண்டு மாதத் தவணையில் அடைத்து முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ 206 கட்டியிருப்பீர்கள். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் 189 அளவில் நிற்கும்.

பதில் 2:
ஒன்றிரண்டு பெரிய சம்பளங்களே சராசரியைத் தூக்கிவிடும் என்பதால், கல்லூரியிடம் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை, கேளுங்கள். விற்பனைப் பணிகளில் ஊக்கத்தொகை இலக்கை எட்டினால்தான் கைக்கு வரும். என் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. தவணையை நிலையான சம்பளத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அப்படிப் பார்த்தால் தவணையே சம்பளத்தில் பாதியை விழுங்குகிறது. கட்டணம் குறைந்த கல்லூரியைத் தேடுகிறேன்.