குளிர்காலம் முடிஞ்சு எடுத்த போட்: பற்றரி 12.6 காட்டுது, ஸ்டார்ட்டர் 'டக்' எண்டு நிக்குது

சிம்கோ_வள்ளம்:
வணக்கம். ஒன்டாரியோ, சிம்கோ ஏரி. 22 அடி போட், பெட்ரோல் ஸ்டேர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளுக்கு, புரொப்பெல்லர் உள்ள டிரைவ் பின்னுக்கு வெளியில). ஒக்டோபரில கரையேத்தி மூடி வைச்சது, போன கிழமைதான் பிரிச்சது. ரெண்டு 12 வோல்ட் பற்றரி. 1 எஞ்சினுக்கு, 2 லைட், பம்புக்கு. நடுவில 1-2-ரெண்டும்-ஓஃப் சுவிட்ச். மீற்றரில ரெண்டும் 12.6. சுவிட்ச் 1இல வைச்சு சாவியைத் திருப்பினா ஒரு 'டக்', டாஷ் லைட் முழுக்க அணையுது. விட்டா திரும்ப வருது. பில்ஜ் பம்ப் (அடியில தேங்கிற தண்ணியை இறைக்கிறது) நல்லா ஓடுது. புதுப் பற்றரி வாங்கத்தான் வேணுமோ?

தாமிரக்கம்பி:
இப்போதைக்குக் காசைச் செலவழிக்காதீங்க. சும்மா இருக்கிற பேட்டரியில் எடுத்த 12.6, சார்ஜ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். சுமையைத் தாங்குமான்னு சொல்லாது. இணைப்பில் 0.05 ஓம் துரு இருக்குன்னு வைங்க. பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போது அதில் தொலைவது கால் வோல்ட், யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் கேட்டால் அதே துரு 10 வோல்ட்டை விழுங்கிடும். மீட்டரோ ஆம்பியரே இழுப்பதில்லை, அதனால் எல்லாம் சரின்னு காட்டும்.

சாவி திருப்பியிருக்கும்போதே அளக்கணும். ஒருத்தர் சாவியில், ஒருத்தர் மீட்டரில். தடவைக்கு 5 விநாடிக்கு மேல் வேண்டாம். அதுக்கு முன்னாடி எஞ்சின் அறையைத் திறந்து காற்றாட விட்டு, பெட்ரோல் வாசம் இல்லைன்னு உறுதி செய்ங்க. திடீர்னு ஸ்டார்ட் ஆகிடலாம், அதனால் டிரைவுக்குத் தண்ணீர்க் குழாயையும் மாட்டிடுங்க. வறண்டு ஓடினால் இம்பெல்லர் (தண்ணீர் இறைக்கிற ரப்பர் சக்கரம்) போயிடும்.

முதல் அளவு பேட்டரியின் ஈய முனைகளிலேயே, கிளாம்பில் இல்லை. 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான். 12க்கு மேலே நின்றால் மின்சாரம் வழியில் எங்கோ நிக்குது. அப்புறம் பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரைக்கும், மைனஸ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக் வரைக்கும் அளங்க. மைனஸ் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேல் தாண்டினாலே கோளாறு. எந்தப் பக்கம் வோல்ட் குவியுதோ அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரிச்சுப் பார்க்கலாம்: முனையும் கிளாம்பும், கேபிள், சுவிட்சின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சோலினாய்டு (சாவி திருப்பினதும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கிற ரிலே சுவிட்ச்).

அலையாத்தி:
ஒரு திருத்தம். பம்ப் ஓடுறது 2ஆம் பற்றரியில. பெரும்பாலும் மெயின் சுவிட்சைத் தொடாம, தனி ஃப்யூஸ் வழியா நேரா பற்றரிக்குத்தான் அதுக்கு வயர் போகும். அதால 1ஐப் பற்றி பம்ப் ஒண்டும் சொல்லாது.

மீற்றரைத் தூக்க முதல் சுவிட்சை 2க்கு மாத்தி ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. ஸ்டார்ட் ஆனா பிழை 1ஆம் பற்றரியில அல்லது அதில இருந்து சுவிட்சுக்கு வாற கேபிளில. அதே 'டக்' எண்டா ரெண்டுக்கும் பொதுவான வழி: சுவிட்சுக்கு அங்கால, அல்லது எஞ்சின் எர்த் (பற்றரி மைனஸை எஞ்சின் பிளாக்கோட இணைக்கிற கேபிள்). எஞ்சின் ஓடுறபோது சுவிட்சை ஓஃபுக்கு மட்டும் கொண்டு போகாதீங்கோ, ஓல்டர்னேற்றர் டையோட் போயிடும்.

இன்னொண்டு: சார்ஜரில இருந்து கழட்டின உடனே அளந்தா 12.6 பொய். ரெண்டு மூண்டு நிமிசம் லைட்டைப் போட்டு விட்டு, அணைச்சு, பிறகு பாருங்கோ. 12.4 எண்டா முக்கால், 12.2 எண்டா பாதி. பெட்டி எங்கேயும் வீங்கியிருந்தா சார்ஜ் போடவே வேண்டாம். முழுச் சார்ஜ் பற்றரி ஒன்டாரியோ குளிருக்கு உறையாது. காலியானது -10க்குள்ளேயே உறைஞ்சு பிளேட்டை வளைச்சிடும்.

சிம்கோ_வள்ளம்:
2இலயும் அதே 'டக்'. சாவி திருப்பினபடி 1இன் முனையில 12.5. பிளஸ் பக்கம் ஒண்டுமில்லை. மைனஸ் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவில 11.6!

தாமிரக்கம்பி:
எர்த்தேதான். டாஷ் அணையறதும் அதனாலதான். டாஷோட மைனஸும் பிளாக் வழியாத்தான் வருது. ரெண்டு பேட்டரியின் மைனஸையும் கழற்றிட்டு, பிளாக் போல்ட்டைப் பிரிங்க. லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) முகத்தையும் பிளாக்கில் அது உட்காரும் இடத்தையும் பெயின்ட் இல்லாமல் பளபளன்னு உலோகம் தெரியும்வரை தேய்ங்க. லக்குக்குப் பின்னாடி உறையை 2 செ.மீ. சீவிப் பாருங்க: கம்பி கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் லக்கைத் தேய்ச்சுப் பிரயோசனமில்லை, நல்ல செம்பு தெரியும்வரை வெட்டணும். நீளம் பத்தலேன்னா வெள்ளீயம் பூசிய மரைன் கேபிள், அதே தடிமன், புது லக், சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற, பசை உள்ள ஹீட்‌ஷ்ரிங்க். கிரீஸ், போல்ட்டை முறுக்கி இறுக்கின பிறகு மேலே தடவுறதுக்கு, இடையில் வைக்கிறதுக்கில்லை.

அலையாத்தி:
பற்றரியில சிறகு நட் (கையால முறுக்கிறது) இருந்தா அதையும் இப்பவே அறுகோண நட்டுக்கு மாத்துங்கோ. அலை அடிக்க அடிக்க அது தளரும்.

சிம்கோ_வள்ளம்:
பிளாக் போல்ட்டுக்குக் கீழ பச்சை மாவு மாதிரிப் பொடி. கம்பி 4 செ.மீ. வரை கறுப்பு, வெட்டிப் புது லக் போட்டாச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணேக்க முனையில 10.8, மைனஸ் பக்கம் 0.14. எஞ்சின் ஓடேக்க 14.1.