[கலைச்சொல்] பபுள்கம் பாப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனுப்பியவர்: சிப்புட்டுக்காரன்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஒரு சொல் வேண்டும். அவசரமாகச் சொல் கேட்டால் இங்கே திட்டு விழும் என்று தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 1999-ல் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் ஒன்றுகூடுகிறோம். தோட்டம் முழுக்கச் செம்பனையாகிவிட்டது, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். மலர் ஒன்று போடுகிறோம். அதில் அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சினிமாப் பாட்டை வேறொருவர் முன்பே பிடித்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது ஆங்கிலப் பாட்டு. பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை: 'பார்பி கேர்ள்', வெங்காபாய்ஸ், ஐஃபெல் 65 பாடிய 'ப்ளூ'. அர்த்தம் கேட்கக்கூடாத வகை.

நாங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷன் பிள்ளைகள், பள்ளிக்கூடம் தூரம். இராத்திரி வேலை முடிந்த பெண்களை ஃபேக்டரி பஸ் தோட்டத்தில் இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்ளும். பஸ் ஓட்டிய அண்ணனிடம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய காசெட் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் இந்தப் பாட்டுகள்தான். இராத்திரி முழுக்கச் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் கண் சிவந்த அக்காமார்கள் தூங்கி வழிந்துகொண்டே இறங்குவார்கள்; பாட்டு மட்டும் நிற்காது. வெங்காபாய்ஸ் எங்களுக்கு வெங்காயப் பாய்ஸ். பஸ்ஸைப் பற்றி அவர்கள் பாடும் பாட்டில் ஹாரன் சத்தம் வரும். அந்த இடத்தில் அண்ணனும் நிஜ ஹாரனை ஓர் அழுத்து அழுத்துவார், லயத்துக் கோழிகள் நாலாபக்கமும் சிதறும். 'ப்ளூ' பாட்டில் வரும் "டா பா டீ" எங்கள் வாயில் "ஆயா, புளி தா, பொடி தா" ஆகிவிட்டது. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, தன்னைத்தான் கேலி செய்கிறோம் என்று ஒருநாள் விளக்குமாறும் கையுமாகப் பஸ்ஸை மறித்துவிட்டார். அண்ணன் இறங்கி மன்னிப்புக் கேட்டார். பாட்டை நிறுத்தவில்லை.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பபுள்கம் பாப் என்று பெயர். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பிய சொல். பபுள்கம் மெல்லுகிற வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த பாட்டு. 1969-ல் அங்கே நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த 'சுகர் சுகர்' பாட்டுக்குச் சொந்தக்காரக் குழுவே கார்ட்டூன் குழுதான். முப்பது வருஷம் கழித்து அதே சரக்கு கணினித் தாளத்தோடு எங்கள் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது.

மலரில் பபுள்கம் பாப் என்றே போட்டுவிடலாம்தான். ராப்புக்குச் சொல்லிசை என்று நம் ஊரில் சொல்கிறோமே, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரு வீம்பு.

~~~

அனுப்பியவர்: கோவை ஐயா

தம்பிக்கு வணக்கம். படித்துச் சிரித்தேன், வீட்டில் என்ன என்று கேட்டார்கள்.

சவ்வுமிட்டாய்ப் பாட்டு என்று வைக்கலாம். பண்டமும் பொருந்துகிறது, குழந்தைத்தனமும் வருகிறது. கொஞ்சம் கௌரவமாக வேண்டுமென்றால் குமிழிசை.

ஆனால் ஒரு கேள்வி. நாலு வருஷத்தில் மறந்துபோகிற பாட்டுக்குக் கலைச்சொல் எதற்கு? குத்துப்பாட்டு என்றால் போதாதா?

~~~

அனுப்பியவர்: கிள்ளான் அக்கா

ஐயா, குத்துப்பாட்டு வேறு. அதில் பறை இருக்கும், இடுப்பு இருக்கும், வேர்வை இருக்கும். இதில் பற்பசை விளம்பரத்துச் சிரிப்பு மட்டும்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் அடிக்க வருவார்கள்.

சவ்வுமிட்டாய் இங்கே பல பேருக்குத் தெரியாது. என் மகளிடம் கேட்டேன், மருந்தா என்றாள். குமிழி வேண்டவே வேண்டாம். 97-ல் குமிழியாக ஊதிக் கிடந்த பங்கில் பணம் போட்ட வீடு எங்கள் வீடு. அடுத்த வருஷம் டாலருக்கு 3.80 வெள்ளி (ரிங்கிட்) என்று கட்டிப்போட்டார்கள், அதற்குள் எங்களுடையது கரைந்துவிட்டது. குமிழி என்றால் எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வரும்.

துள்ளிசை என்று வைத்தால் என்ன?

~~~

அனுப்பியவர்: சிப்புட்டுக்காரன்

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. மழையில் கரண்ட் போய்விட்டதால் நேற்று எழுத முடியவில்லை. ஒரு விதத்தில் நல்லதாயிற்று, இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

> நாலு வருஷத்தில் மறந்துபோகிற பாட்டுக்கு

மறக்க விடவில்லையே ஐயா. 'பார்பி கேர்ள்' வந்தது 1997-ல். பொம்மை செய்கிற மாட்டல் நிறுவனம், எங்கள் பொம்மையைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டது. 2002-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இது கேலிப்பாட்டு, பாடலாம் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பின் கடைசி வரியில் நீதிபதி இரண்டு தரப்பையும் சூடு தணியச் சொல்லி அனுப்பினார். அத்தனை படித்த மனிதர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு யோசித்த பாட்டுக்கு நாம் லுங்கியோடு உட்கார்ந்து ஒரு சொல் யோசிப்பதில் தப்பில்லை.

சவ்வைப் பற்றி: உங்கள் ஊரிலேயே "ஜவ்வு மாதிரி இழுக்காதே" என்பார்களே. இந்தப் பாட்டுகளின் பெருமையே இழுக்காததுதான். மூன்று நான்கு நிமிஷத்தில் வந்து, ஆட்டிவைத்து, போய்விடும். குமிழியோ நம் பாட்டன்மார் நிலையாமை பாடிப் பாடித் தேய்த்த சொல். குமிழிசை என்று போட்டால் மலரைப் பிரிப்பவர்கள் யாரோ காலமாகிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். துள்ளிசை நல்ல சொல், ஆனால் துள்ளுகிறதையெல்லாம் அதில் போட்டுவிடலாம். இந்த வகையை மட்டும் பிரித்துக் காட்டாது.

இருட்டில் தோன்றியது இதுதான். பபுள்கம் என்பதில் நாம் பபுளைப் பிடித்துக்கொண்டோம். பிடிக்க வேண்டியது கம்மை. அதற்கு உயிரே மெல்லுவதில் இருக்கிறது. சர்க்கரை ஐந்து நிமிஷத்தில் போய்விடும், வாய் அதற்கப்புறமும் நிற்காது. இந்தப் பாட்டும் அப்படித்தான். அர்த்தம் முதல் தடவையிலேயே கரைந்துவிடுகிறது, பல் மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் மோட்டாரில் போகும்போது "புளி தா, பொடி தா" தானாக வருகிறது.

அர்த்தம் கரைவதற்குக் காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'பார்பி கேர்ள்' பாடிய ஆக்வா டென்மார்க் குழு, பாடகி நார்வேக்காரர். வெங்காபாய்ஸ் நெதர்லாந்து. ஐஃபெல் 65 இத்தாலி. ஆங்கிலம் அவர்களுக்கும் இரவல் சட்டை. அதனால்தான் வாக்கியம் சின்னது, சொல் சுலபம், சொல் கிடைக்காத இடத்தில் டா பா டீ. நாங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று பயந்தவர்கள். டவுன் பிள்ளைகள் பேசிய ஆங்கிலத்துக்குள் எங்களால் நுழைய முடியவில்லை, இந்த ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டோம். வேறு ஆங்கிலப் பாட்டு எதையும் நாங்கள் அவ்வளவு சத்தமாகப் பாடியதில்லை.

இன்னொன்று. சூயிங்கம் எதிலிருந்து வந்தது தெரியுமா? மத்திய அமெரிக்காவில் சிக்கு மரத்தைக் கீறி வடித்த பாலிலிருந்து. ஐயா ஊரில் சப்போட்டா என்பீர்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற அதே சிக்கு மரம்தான். பிறகு அந்தப் பால் போதாமல், நம் காட்டு ஜெலுத்தோங் மரத்துப் பாலையும் ஒரு காலத்தில் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகைகள். ஆகமொத்தம் ஏதோ ஒரு மரத்தைச் சீவி எடுத்த பால்தான் அவர்கள் வாயில் ஓடியது. எங்கள் பாட்டியோ பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவியவர். பக்கத்துக் கோலகங்சாரில்தான் 1877-ல் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். ஏழு வயதில் நான் மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலைப் பபுள்கம் என்று நினைத்து வாயில் போட்டிருக்கிறேன். அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போக இரண்டு நாள். பாட்டி முதுகில் வைத்த அறை அதற்கும் மேல்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மெல்லிசை என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் உள்ள மெல், மென்மை. அதே எழுத்தில் மெல்லுதலும் இருக்கிறதே! மெல்லும் பாட்டு, சுருக்கி மெல்பாட்டு. இலக்கணம் ஒத்துக்கொள்ளுமா என்று ஐயாதான் சொல்ல வேண்டும். எனக்கு ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரீட்சை அளவு இலக்கணம்தான்.

~~~

அனுப்பியவர்: கோவை ஐயா

தம்பி, தாராளமாக ஒத்துக்கொள்ளும். நான் முதலில் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மென்மை என்ற பொருளில் வந்தால் மென்பாட்டு என்றுதான் ஆகும். மென்பொருள், மென்பானம் போல லகரம் னகரமாகத் திரியும். மெல்லுதல் என்ற வினையாக இருந்தால் திரியாது, பகரமும் இரட்டிக்காது. கொல்களிறு, செல்பேசி பாருங்கள். ஆகவே எழுத்தைப் பார்த்த உடனே எந்த மெல் என்று தெரிந்துவிடும். பாட்டா மெல்லுகிறது, ஆள்தானே மெல்லுகிறான் என்று யாராவது கேட்டால் குடிநீரைக் காட்டுங்கள். நீரா குடிக்கிறது?

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. மெல்பாட்டு வினைத்தொகை. வினைத்தொகை என்பது காலம் கரந்த, அதாவது காலத்தை மறைத்த பெயரெச்சம். நாற்பது வருஷம் ஊறுகாயை வைத்தே அதை நடத்தியிருக்கிறேன்: ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய். நீங்கள் பஸ்ஸில் மென்ற பாட்டு, மலருக்காக இப்போது உட்கார்ந்து மெல்லுகிற பாட்டு, ஒன்றுகூடும் அன்று மெல்லப்போகிற பாட்டு, மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பழம்பாட்டு என்றோ நினைவுப்பாட்டு என்றோ வைத்திருந்தால் ஒரே காலத்தில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். இனி வகுப்பெடுத்தால் ஊறுகாய்க்குப் பதில் இதைத்தான் சொல்வேன். வகுப்புதான் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். பேச்சில் சொன்னால் "மெல்லப் பாட்டு" என்று கேட்குமோ?

~~~

அனுப்பியவர்: கிள்ளான் அக்கா

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த குழுமத்துக்கு ஒரு பிடி அவல் கிடைத்துவிட்டது.

வீட்டில் சோதித்தேன். மகள், "மெதுவா பாடுற பாட்டாம்மா?" என்றாள். ஐயா பயந்தது சரிதான். மாமியாரிடம் சொன்னேன், "வெத்தல போட்டுக்கிட்டுப் பாடுறதா?" என்று கேட்டார். அவர்தான் பக்கத்தில் வந்தார். அப்புறம் தம்பி எழுதிய பஸ் கதையைப் படித்துக் காட்டிவிட்டு மறுபடி கேட்டேன். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. மகள் உடனே இப்போதுள்ள பாட்டு ஏழெட்டைச் சொல்லி, இதுவும் மெல்பாட்டா, அதுவும் மெல்பாட்டா என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னதில் பாதி சரி.

என் தீர்ப்பு: மலரில் முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போடு தம்பி. அதற்கப்புறம் சும்மா எழுது, பிழைத்துக்கொள்ளும். துள்ளிசையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, வேறு எதற்காவது வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆயா இருக்கிறாரா?

~~~

அனுப்பியவர்: சிப்புட்டுக்காரன்

அக்கா, ஆயா தவறிப் பல வருஷமாகிறது. பேத்தி எங்கள் வகுப்புதான், தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறார். "புளி தா" பாட்டை அவர்தான் மேடையில் ஆரம்பித்து வைக்கிறார், விளக்குமாறும் கொண்டுவருவாராம்.

மெல்பாட்டு என்றே போட்டுவிட்டேன். ஐயா சொன்ன ஊறுகாய் விளக்கத்தையும் இரண்டு வரியில் சேர்த்தேன். பக்கம் போதாமல் என் ஒட்டுப்பால் கதையை வெட்ட வேண்டியதாயிற்று.

இன்று காலை அச்சகத்திலிருந்து படி வந்தது. பதினோரு இடத்திலும் "மேல்பாட்டு" என்று அடித்திருக்கிறார்கள். கேட்டால், "நீங்க இரட்டைக் கொம்பு போட மறந்துட்டீங்கன்னு நினைச்சோம்" என்கிறார் தட்டச்சு செய்த பிள்ளை. மலர்க் குழுவில் ஒருவன், மேல் டிவிஷன் பிள்ளைகள் பாடியதுதானே, அப்படியே இருக்கட்டும் என்கிறான். கீழ் டிவிஷன்காரர்கள் விடமாட்டார்கள். திருத்தி அனுப்பிவிட்டேன்.