விளையாட்டே பிடிக்காதவருக்கு விளையாட்டு மாங்காவில் என்ன இருக்கிறது?

கேள்வி

மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, படிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. துப்பறியும் கதை, பேய்க்கதை என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிப்பேன். ஆனால் எந்தப் பரிந்துரைப் பட்டியலை எடுத்தாலும் நடுவில் ஒரு கூடைப்பந்துக் கதையோ வாலிபால் கதையோ வந்துவிடுகிறது. டிவியில் ஓடும் மேட்சையே பத்து நிமிடம் பார்க்க மாட்டேன், அசையாத படத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுவதை எப்படிப் படிப்பது? கடைசியில் ஹீரோ அணிதானே ஜெயிக்கப்போகிறது?

பதில் 1

விளையாட்டு வகுப்பு என்றாலே வயிற்றுவலி வரவழைத்துக்கொண்ட ஆள் நான். அதனால் என் பேச்சை நம்பலாம்.

நான் முதலில் படித்தது ‘ஸ்லாம் டங்க்’, இனோவே தகேஹிக்கோ எழுதி வரைந்தது. 1990 முதல் 1996 வரை வந்தது, மொத்தம் 31 தொகுதிகள். ஹீரோ சகுராகிக்கும் கூடைப்பந்து தெரியாது. ஒரு பெண் “கூடைப்பந்து பிடிக்குமா?” என்று கேட்டுவிட்டாள், அவ்வளவுதான், அணியில் சேர்ந்துவிடுகிறான். சேர்ந்ததும் கூடைக்குள் பந்தை அறையலாம் என்று பார்த்தால், மூலையில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இரு என்கிறார்கள். அவனுக்கு வரும் எரிச்சலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததில், எப்போது நானும் ஆட்டத்தைக் கற்க ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போகவேண்டும் என்ற விதியை எனக்கு யாரும் விளக்கவில்லை. அவன் ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியேறுவதைப் பார்த்தே மனதில் பதிந்துவிட்டது. ரீபவுண்டின் அருமையும் அவனால்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த ‘அசையாத படம்’. டிவியில் ஒரு ஷாட் ஒரு நொடியில் முடிந்துவிடும். இங்கே சகுராகியின் அணியில் ஆடும் மிட்சுயி எறிந்த பந்து வளையத்தை எட்டுவதற்குள், முழங்காலில் அடிபட்டு அவன் ஆட்டத்தை விட்டு விலகிப்போன காலம் முழுவதும் உங்கள் நினைவுக்கு வந்துவிடும். அது உள்ளே விழுமா விழாதா என்று பக்கத்தைத் திருப்பக்கூடப் பயமாக இருக்கும். பேய்க்கதை வாசகருக்கு இந்தப் பயம் புதிதல்ல.

ஹீரோ அணி தோற்கவும் செய்யும். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

பதில் 2

மேலே சொன்னவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். ‘ஸ்லாம் டங்க்’ ஆரம்பத்தில் அடிதடியும் கோமாளித்தனமும்தான் அதிகம், புதியவர் அங்கேயே மூடிவைத்துவிடலாம். ‘ஹைக்யூ’ எடுங்கள். வாலிபால் கதை, 2012 முதல் 2020 வரை வந்தது. ஆனால் 45 தொகுதிகள், பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் மட்சுமோட்டோ தையோவின் ‘பிங் பாங்’, ஐந்தே தொகுதிகள். கோட்டோவியம் கோணல்மாணலாக இருக்கும், பழக ஒரு அத்தியாயம் ஆகும்.

பதில் 1 எழுதியவர் மீண்டும்

அடிதடி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஹைக்யூ’ என்றதும் எனக்கு ஹீரோ நினைவுக்கு வரவில்லை. முதல் சுற்றிலேயே ஹீரோவின் அணியான காராசுனோவிடம் தோற்றுப்போகும் டோகோனாமி என்ற அணிதான் வந்தது. அதில் ஒருவன், காராசுனோ கேப்டனோடு நடுநிலைப்பள்ளியில் ஒன்றாக ஆடியவன். பெரிதாகப் பயிற்சி செய்த அணியும் இல்லை. ஆட்டம் முடிந்ததும், நாங்களும் வாலிபால் ஆடினோம்தானே என்கிற மாதிரி ஒரு நினைப்பு அவனுக்குள் ஓடும். கதைக்கு அவன் தேவையே இல்லை. இருந்தும் அவனுக்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார் இதை எழுதி வரைந்த ஃபுருதாதே. என்னைப்போல ஒப்புக்குச் சப்பாணியாக நின்றவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்கும். எனக்குத் தைத்தது.

கேள்வி கேட்டவர்

‘ஸ்லாம் டங்க்’ இரண்டு தொகுதி முடிந்தது. அடிதடி எனக்குப் பிடித்தேதான் இருந்தது. ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் பந்தை மெல்லப் போடும் லே-அப்புக்கு அந்தத் தடியன் சகுராகி ‘சாமானியர் ஷாட்’ என்று பேர் வைத்ததற்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாளைக்குக் காலையில் வேலை இருக்கிறது, இருந்தும் மூன்றாவதைத் திறந்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், நீங்கள் சொன்ன ரீபவுண்டு என்றால் என்ன?

பதில் 1 எழுதியவர் மீண்டும்

சொல்ல மாட்டேன். அணியின் கேப்டன் அகாகி சகுராகிக்குச் சொல்லிக்கொடுப்பார், பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.