47 வயதில் ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை தேவையா?

வணக்கம். நான் மன்னார்குடி அருகே விவசாயம் செய்பவன். வயது 47, புகையும் மதுவும் கிடையாது, உடலில் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. என் தந்தை 54 வயதில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது வயலிலேயே மாரடைப்பால் இறந்தார். அதற்கு முன் ஒருநாள்கூட அவர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த அச்சத்தில் மூன்று ஆண்டுகளாகத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் கொண்ட தொகுப்பைச் செய்துவருகிறேன். சென்ற ஆண்டு தைராய்டு அளவு சற்றுக் கூடியிருப்பதாக வந்ததால் இரண்டு மாதம் தூக்கமின்றித் தவித்தேன். மறுபரிசோதனையில் அது இயல்பாகவே இருந்தது. இவ்வாண்டு ஆவணியில் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1 சதவீதம், இரத்த அழுத்தம் 138/88, இசிஜி இயல்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த ஊழியர் பார்த்தபோதும் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் முழுத் தொகுப்பும் வேண்டும் என்கிறார். இன்னொருவரோ, அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தவறாமல் பார்த்தாலே போதும், பொதுவான உடல் பரிசோதனைகள் இறப்பைக் குறைப்பதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு காட்டவில்லை என்கிறார். இருவரையும் நான் மதிக்கிறேன். சோற்றைக் குறைத்து, நாள்தோறும் வாய்க்கால் கரையில் நடக்கவும் தொடங்கிவிட்டேன்.

இந்தக் குடும்ப வரலாறும் இந்த அளவுகளும் உள்ள ஒருவர் எந்தெந்தச் சோதனைகளை எத்தனை மாத இடைவெளியில் செய்துகொள்வது சரி?